கையடக்க இன்ஃப்யூஷன் பம்ப்பைச் சோதிப்பது எப்படி? புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

இன்ஃப்யூஷன் பம்ப் என்பது நோயாளியின் உடலுக்குள் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் கருவி. அதன் திரையில் மணிக்கு 5.0 மி.லி. என்று தெரிகிறது. அது பம்ப் சொல்வது. குழாயின் மறுமுனையில் எவ்வளவு விழுகிறது என்பது வேறு கதை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

சாதாரண பம்ப்புக்குத் தன் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பது தெரியும். எத்தனை மி.லி. வெளியே போனது என்பது தெரியாது. சுற்றுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு மி.லி.யாகக் காட்டுகிறது. குழாய் தளர்ந்திருந்தாலும் சரி, வேறு கம்பெனி சிரிஞ்சை மாட்டியிருந்தாலும் சரி, திரை அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் திரையைப் பார்த்துவிட்டு 'ஓடுகிறது, சரி' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது சோதனை ஆகாது.

பயோமெடிக்கல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் கையில் இருக்கும் மாடலுக்கு என்று ஒரு சர்வீஸ் மேனுவல் உண்டு. நான் சொல்வதும் அதுவும் முரண்பட்டால் மேனுவல் சொல்வதைக் கேளுங்கள்.

எந்த வகை என்று முதலில் பாருங்கள்

நோயாளி இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய சாதனங்கள் பெரும்பாலும் மூன்று வகை. பை அல்லது கேசட்டில் இருக்கும் மருந்தைக் குழாயைப் பிசைந்து பிசைந்து தள்ளுவது ஒன்று. சிரிஞ்சின் தண்டை மெல்ல அழுத்துவது இன்னொன்று. மூன்றாவதில் மோட்டாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது: ரப்பர் பலூன் சுருங்கும் விசையிலேயே மருந்து போகும்.

எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது வகைக்கு வகை மாறும். குழாயைப் பிசையும் பம்ப்புகளுக்குக் கூடவோ குறையவோ 5 சதவீதம் என்று தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள். சிரிஞ்ச் பம்ப்புக்கு 2 அல்லது 3 சதவீதம். பலூன் வகைக்கு 15 சதவீதம் வரைகூடப் போகும். பலூன் சாதனத்தில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு நுண்குழாய். திரவம் சூடானால் அதன் பிசுபிசுப்பு குறைந்து ஓட்டம் கூடும். தண்ணீரிலேயே அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு 2 சதவீதத்துக்கும் சற்று மேல் மாறுகிறது. அந்த நுண்குழாயைத் தோலோடு ஒட்டச் சொல்வதே இதனால்தான். அது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது என்பதால், இனி சொல்வதெல்லாம் மோட்டார் உள்ள பம்ப்புகளுக்குத்தான்.

தொடுவதற்கு முன்

வார்டிலிருந்து வரும் பம்ப் சுத்தம் செய்யப்பட்டதுதான் என்று எழுதிய சீட்டு இல்லாமல் மேசையில் வைக்காதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருந்து ஓடிய பம்ப் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்; கசிந்து காய்ந்த மருந்துகூட ஆபத்தானதுதான்.

அப்புறம், பம்ப்பில் ஏற்கெனவே இருக்கும் செட்டிங்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பு அலாரத்தின் அளவு, மருந்துப் பட்டியலின் பதிப்பு, சிரிஞ்ச் வகை, கடிகார நேரம் எல்லாம். சோதனைக்காக நீங்கள் மாற்றியதைத் திருப்பி வைக்க மறந்தால், அந்தப் பம்ப் வார்டுக்குப் போய் உங்கள் செட்டிங்கில்தான் ஓடும்.

கண்ணால் பார்ப்பதை அவசரமாக முடிக்காதீர்கள். இவை விழுந்து எழுந்தே பிழைக்கும் சாதனங்கள். மூலைகளில் விரிசல், பெல்ட் கிளிப் உடைந்திருப்பது, பொத்தான் மேல் உறை கிழிந்திருப்பது இவற்றைத் தேடுங்கள். கதவைத் திறந்தால் காற்றுக் குமிழியைக் கண்டுபிடிக்கும் சென்சாரின் இரண்டு முகங்கள் தெரியும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் சிந்தி அங்கே காய்ந்திருந்தால் கண்ணாடிபோல் ஒரு படலம் மட்டும் மினுங்கும். நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரியும். விரல் நுனியால் தொட்டால் ஒட்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும், சுரண்ட வேண்டாம். காரணமில்லாமல் காற்று அலாரம் அடிக்கிறது என்று புகார் வரும் பம்ப்புகளில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஓட்டத்தை அளப்பது

ஓட்டத்தை அளக்கத் தனி அனலைசர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் குறையொன்றும் இல்லை. நல்ல எடைத் தராசு, சின்ன பீக்கர், கடிகாரம், காற்று நீக்கிய தூய நீர் இருந்தால் போதும். எடையை வைத்து அளப்பதுதான் மூல முறை. ஐஇசி 60601-2-24 என்ற பன்னாட்டுத் தரநிலையும் தராசைத்தான் நம்புகிறது.

தயாரிப்பாளர் சொன்ன அதே குழாய் செட்டைப் புதிதாக மாட்டுங்கள். நேற்றைய சோதனையில் பிசைந்து தளர்ந்த செட்டை எடுத்தால் பிழை செட்டிலிருந்து வந்ததா பம்ப்பிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. குழாய் முழுக்க நீரை நிரப்பிக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையும் குழாய் முனையும் மேனுவல் சொல்லும் உயரத்தில் இருக்கட்டும். ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்பது சுமார் 74 மி.மீ. பாதரச அழுத்தம்.

முனை பீக்கரில் இருக்கும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஏன் என்றால், சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மி.லி. மணிக்கு ஒரு மி.லி. ஓட்டத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டுத்தான் விழும். முனை மேலே தொங்கினால் தராசு மூன்று நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரே தாவாகத் தாவும். முனையில் தொங்கிக்கொண்டிருக்கும் அரைச் சொட்டு கணக்கில் வராது. மூழ்கிய குழாயை எங்காவது கிளிப் போட்டு நிறுத்துங்கள், பீக்கர் விளிம்பைத் தொடக் கூடாது; தொட்டால் குழாயின் பாரமும் தராசில் ஏறும்.

பீக்கரை மூடுங்கள், அல்லது நீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் விடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிரிஞ்ச் பம்ப்பை மணிக்கு 1 மி.லி.யில் இரவு எட்டு மணி நேரம் ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் 9 சதவீதம் குறைவு. ரிப்பேர் சீட்டு கட்டி அனுப்பிவிட்டேன். சர்வீஸ் எஞ்சினியர் திருப்பி அளந்தபோது பிழை ஒரு சதவீதம்கூட இல்லை. பீக்கர் திறந்து கிடந்தது, மேலே மின்விசிறி. மணிக்கு 0.09 கிராம் ஆவியாகிப் போனாலே அந்த 9 சதவீதம் வந்துவிடும். பம்ப் மேல் பழி போட்டு ஒரு வாரம் அதை வார்டுக்கு இல்லாமல் ஆக்கினேன்.

இனி ஓடவிடுங்கள், ஆனால் உடனே எண்ண ஆரம்பிக்காதீர்கள். குறைந்த வேகத்தில் ஓடும் சிரிஞ்ச் பம்ப்பில் பல்சக்கரங்களுக்கு இடையில் இருக்கும் தளர்வு இறுகி, தண்டு நகர்ந்து, ரப்பர் நுனி அழுந்திய பிறகுதான் ஓட்டம் நிலைக்கு வரும். பம்ப்பிலேயே பர்ஜ் பொத்தான் இருந்தால் அதை அழுத்திக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். கையால் தள்ளினால் இந்தத் தளர்வு போகாது.

கணக்கு எளிது. 20 டிகிரியில் ஒரு மி.லி. நீரின் எடை 0.998 கிராம். மணிக்கு 5 மி.லி. வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினீர்கள், எடை 9.78 கிராம் ஏறியது என்று வையுங்கள். 9.78-ஐ 0.998-ஆல் வகுத்தால் 9.80 மி.லி. மணிக்கு 4.90. வைத்த அளவைவிட 0.10 குறைவு, அதாவது 2 சதவீதம் குறைவு. சிரிஞ்ச் பம்ப்புக்கு மேனுவல் 2 சதவீதம் என்று எழுதியிருந்தால் இது விளிம்பில் நிற்கிறது. மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்.

தரநிலைச் சோதனையில் நடுத்தர வேகமாகக் கொள்வது பையில் இருந்து தள்ளும் பம்ப்புக்கு மணிக்கு 25 மி.லி., சிரிஞ்ச் பம்ப்புக்கு 5 மி.லி. அதோடு குறைந்த வேகம் ஒன்றிலும் பாருங்கள். நடமாடும் நோயாளிகளுக்கு ஓடுவது பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான், கோளாறு ஒளிந்திருப்பதும் அங்கேதான். நேரம் பிடிக்கும், வேறு வழி இல்லை.

இரண்டு மணி நேரத்துச் சராசரி சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஐந்து நிமிடம் நின்று, அடுத்த ஐந்து நிமிடம் இரண்டு மடங்கு தள்ளினாலும் சராசரி சரியாகத்தான் வரும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் சில நிமிடங்களிலேயே உடலில் கரைந்துவிடும். அப்படி விட்டு விட்டுப் போனால் நோயாளியின் அழுத்தம் ஏறி இறங்கும். இதைக் காட்டத்தான் எக்காள வரைபடம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எடையை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, 2, 5, 11, 19, 31 நிமிட இடைவெளிகளில் அதிகபட்சப் பிழை எவ்வளவு என்று போடுவார்கள். இடைவெளி கூடக் கூடப் பிழை சுருங்கி, படம் எக்காளம்போல் வாய் அகன்று வால் குறுகி வரும். அனலைசர் இருந்தால் அதுவே போட்டுத் தந்துவிடும். இடுப்பில் கட்டும் வகைப் பம்ப்புகளுக்கு அரை நிமிடம் இல்லை, 15 நிமிடத்துக்கு ஒரு அளவு.

சிரிஞ்ச் எது என்று பம்ப்புக்குச் சரியாகச் சொன்னோமா?

இது தனியாகச் சொல்ல வேண்டிய சங்கதி. சிரிஞ்ச் பம்ப்புக்கு உள்விட்டம்தான் எல்லாம். ஒரே 50 மி.லி. சிரிஞ்ச், கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் வேறு. உள்ளே இருப்பது 27 மி.மீ. விட்டம், பம்ப்பில் தேர்ந்தெடுத்தது 29 மி.மீ. விட்டம் உள்ள வேறு கம்பெனி சிரிஞ்ச் என்று வையுங்கள். தண்டு அதே வேகத்தில் நகரும், பரப்பு குறைவு, மருந்து 13 சதவீதம் குறைவாகப் போகும். மாற்றி நடந்தால் 15 சதவீதம் கூடுதல். பம்ப்பில் ஒரு கோளாறும் இருக்காது, அலாரமும் அடிக்காது. ஓட்டச் சோதனையில் பிழை 10 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் திரையில் தேர்ந்தெடுத்த சிரிஞ்சின் பெயரைப் படியுங்கள்.

சிரிஞ்சின் காதும் (விரல் வைக்கும் விளிம்பு) தண்டின் தலையும் அவற்றின் பிடிகளில் உறுதியாக உட்காருகின்றனவா என்றும் பாருங்கள். தலை பிடியில் இல்லாமல் பம்ப் நோயாளியைவிட உயரத்தில் இருந்தால் மருந்து தானாகவே இறங்கிவிடும். சோதிப்பது எளிது: பம்ப் ஓடும்போது தலையின் பிடியை விடுவியுங்கள், உடனே அலாரம் வர வேண்டும். பை வைக்கும் வகையில் இதற்கு இணையான சோதனை, பையை உயரத்தில் தொங்கவிட்டு, கதவைத் திறந்து, செட்டை வெளியே எடுப்பது. குழாயில் இருக்கும் கிளிப் தானே மூடிக்கொண்டு முனையில் ஒரு சொட்டும் விழாமல் நிற்க வேண்டும்.

அடைப்பு

வழியில் குழாய் மடங்கினால் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும், வைத்த அளவைத் தொட்டதும் அலாரம் அடித்து நிற்கும். சோதிக்க, குழாய் முனையில் மூவழி வால்வு வைத்து ஒரு பக்கம் அழுத்தமானியை மாட்டுங்கள். மற்ற வழிகளை மூடிவிட்டு ஓடவிடுங்கள். அலாரம் அடித்த நொடியில் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அழுத்தம் எவ்வளவு, எத்தனை நிமிடம் ஆனது, உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது. அலகுகளில் தடுமாறாதீர்கள், ஒரு பிஎஸ்ஐ என்பது 51.7 மி.மீ. பாதரசம், ஒரு பார் என்பது 750.

நேரம்தான் புதியவர்களைத் திகைக்க வைக்கும். குழாயும் ரப்பர் நுனியும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அலாரம் வருவதற்குள் 0.8 மி.லி. அப்படி உள்ளே அடைய வேண்டும் என்றால், மணிக்கு 50 மி.லி. ஓட்டத்தில் ஒரு நிமிடத்துக்குள் அடித்துவிடும். மணிக்கு 1 மி.லி. ஓட்டத்தில் 48 நிமிடம் ஆகும். அந்த 48 நிமிடமும் நோயாளிக்கு மருந்து இல்லை, திரையில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அலாரம் வரவில்லையே என்று இருபதாவது நிமிடத்தில் பம்ப்பை 'ஃபெயில்' போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடைப்பு நீங்கியதும் தேங்கியது மொத்தமாகப் பாயும். அப்படி ஒரே மூச்சில் பாயும் அளவை போலஸ் என்பார்கள், அதையும் அளக்க வேண்டும். அலாரம் அடித்த பின் வால்வை பீக்கர் பக்கம் திறந்து, தராசில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சில பம்ப்புகள் அலாரம் அடித்ததும் மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றி அழுத்தத்தைத் தாமே இறக்கிவிடும். அப்படிப்பட்டதில் போலஸ் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நிறைய வந்தால் அந்த வசதி வேலை செய்யவில்லை.

காற்று

குமிழியை நாமே செய்துவிடலாம். யு-100 இன்சுலின் சிரிஞ்சில் ஒரு யூனிட் என்பது 10 மைக்ரோ லிட்டர். பத்து யூனிட் காற்றைச் செட்டில் இருக்கும் ஊசி போடும் இடத்தில் ஏற்றினால் 100 மைக்ரோ லிட்டர் குமிழி. குழாயின் உள்விட்டம் 3 மி.மீ. என்றால் அது 14 மி.மீ. நீளத்துக்குத் தெரியும், ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளலாம். பம்ப்பில் வைத்திருக்கும் எல்லையைவிடச் சின்னதை விட்டுப் பாருங்கள், பெரியதை விட்டுப் பாருங்கள். சின்னதற்கு அடிக்கக் கூடாது, பெரியதற்கு அடிக்காமல் இருக்கக் கூடாது. சின்னச் சின்னக் குமிழிகளைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் பம்ப்புகளில் வரிசையாகச் சிலவற்றை விட்டும் பார்க்க வேண்டும்.

பேட்டரி

கையடக்கப் பம்ப்பின் உயிரே பேட்டரிதான். முழுதாகச் சார்ஜ் செய்து, மேனுவல் சொல்லும் வேகத்தில், தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை எப்போது வந்தது, கடைசி அலாரம் எப்போது, எப்போது நின்றது என்று நேரங்களைக் குறியுங்கள். தரநிலைப்படி முதல் எச்சரிக்கை நிற்பதற்கு 30 நிமிடம் முன்பாவது வர வேண்டும், கடைசி அலாரம் 3 நிமிடம் முன்பாவது. பழைய பேட்டரியில் மொத்த நேரம் குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. எச்சரிக்கை வந்த நான்காவது நிமிடத்தில் பொசுக்கென்று அணைந்துவிடுவதுதான் பயங்கரம்.

சாதா செல் போடும் பம்ப் என்றால், அல்கலைன் போடச் சொன்ன இடத்தில் ரீசார்ஜ் செல்லைப் போடாதீர்கள். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல இறங்கும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்டிலேயே கிடந்து கடைசியில் சட்டென்று விழும். மீதி எவ்வளவு என்று பம்ப் போடும் கணக்கு தப்பிவிடும். பேட்டரி அறையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஓடும் பம்ப்பைக் கையில் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுங்கள். நடந்தால் எவ்வளவு குலுங்குமோ அவ்வளவுதான். திரை ஒருமுறை மினுக்கினாலும் அது தேறவில்லை.

எண்களும் பொத்தான்களும்

ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ஒருமுறை அழுத்தினால் ஒருமுறைதான் பதிய வேண்டும். அற்பமாகத் தெரியலாம். 10 என்று அழுத்த நினைத்து, பூஜ்யம் இரண்டு முறை பதிந்தால் 100. மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏவுக்கு 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்ப்புகள் பற்றிச் சுமார் 56,000 பாதிப்பு அறிக்கைகள் வந்தன. அதே காலத்தில் 87 முறை பம்ப்புகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்துச் சொன்ன கோளாறுகளில் இந்த இரட்டைப் பதிவும் ஒன்று.

திரையில் ஓட்டத்தின் அலகு என்ன என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். மணிக்கா, 24 மணி நேரத்துக்கா? 2006-இல் கனடாவில் ஒரு புற்றுநோயாளிக்கு நான்கு நாளில் போக வேண்டிய ஃப்ளூரோயூராசில் என்ற மருந்து நான்கு மணி நேரத்தில் போய்விட்டது. மணிக்கு 1.2 மி.லி. என்று வைக்க வேண்டிய இடத்தில் ஒரு நாளுக்கான 28.8 வைக்கப்பட்டது. அவர் இறந்துபோனார். பம்ப் சொன்னதைச் சொன்னபடி செய்தது. கிரேஸ்பி என்ற பழைய சிரிஞ்ச் கருவிகளில் இதே குழப்பம் வேறு உருவில் இருந்தது: நீல நிற எம்எஸ் 16ஏ, தண்டு மணிக்கு எத்தனை மி.மீ. நகர வேண்டும் என்று கேட்கும், பச்சை நிற எம்எஸ் 26, 24 மணி நேரத்துக்கு எத்தனை மி.மீ. என்று கேட்கும், இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. பிரிட்டனில் 2010-இல் இவை போன்றவற்றைப் படிப்படியாக விலக்கச் சொல்லி அறிவுறுத்தல் வந்தது. உங்கள் வார்டில் இரண்டு அலகுகளில் ஓடும் பம்ப்புகள் கலந்து கிடந்தால், அது சோதனையில் தேறினாலும் பொறுப்பாளர் காதில் போட வேண்டிய விஷயம்.

நோயாளியே பொத்தான் அழுத்தி வலி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப் என்றால், பூட்டு நேரத்தைச் சோதியுங்கள். ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தால் முதலில் ஒருமுறை அழுத்துங்கள், இரண்டாவது நிமிடத்தில் மறுபடி அழுத்துங்கள், தராசு அசையக் கூடாது. ஐந்து தாண்டியதும் அழுத்தினால் கொடுக்க வேண்டும்.

மின் பாதுகாப்பும் பதிவும்

இதை நீட்ட வேண்டாம். சார்ஜரோடு இணைத்து ஐஇசி 62353 என்ற தரநிலைப்படி கசிவு மின்சாரம் பாருங்கள். நேரடி முறையில் எர்த் இல்லாத இரண்டாம் வகுப்புச் சாதனத்துக்கு 100 மைக்ரோ ஆம்பியர், எர்த் உள்ள முதல் வகுப்புக்கு 500. நோயாளியைத் தொடும் பகுதி சிஎஃப் வகை (இதயத்தோடு நேரடியாகத் தொடர்பு வரலாம் என்பதற்காக மிகக் கூடுதல் காப்பு உள்ளது) என்றால் அங்கே 50 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது.

பதிவில் 'ஓகே' என்று எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்: வரிசை எண், செட்டின் தொகுதி எண், அறை வெப்பநிலை, வைத்த ஓட்டம், அளந்த ஓட்டம், அடைப்பு அழுத்தம், பேட்டரி நேரங்கள், தராசு எப்போது கேலிபரேட் செய்யப்பட்டது என்பது வரை. போன வருடம் 1 சதவீதம் குறைவு, இந்த வருடம் 3.5 சதவீதம் குறைவு என்று எண் இருந்தால்தான் பம்ப் தேய்கிறது என்பது தெரியும். இரண்டு 'ஓகே'யை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஏதாவது அசம்பாவிதத்தில் மாட்டிய பம்ப் வந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அதை ஓட்டாதீர்கள், கழுவாதீர்கள், பேட்டரியைப் பிடுங்காதீர்கள். பதிவு நினைவகம் அழிந்துவிடக்கூடும். மாட்டியிருக்கும் செட், சிரிஞ்ச், மீதி மருந்து எல்லாவற்றையும் இருந்தபடியே ஒரு பையில் போட்டு, பம்ப்பின் கடிகாரம் காட்டும் நேரத்தையும் உங்கள் கைக்கடிகார நேரத்தையும் அருகருகே எழுதி, பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.